பங்குனிக்குள் ஒரு பிள்ளை

சிவமயம்

நீர்வேலி
03.03.2025

உதயகலாவுக்கு,

உன் சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ அந்தக் குருநகர் வேதக்காரப் பெடியன் ஜெரிசனோடு ஓடிப்போன கிழமை, சந்நிதி முருகன் வாசலில் நின்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. ஆயுள் முழுக்கத் தமிழ் படிப்பித்த எனக்குக் கதைப்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆகவே போன் எடுக்காதே. பதிலை எழுதி அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி சிவரூபனின் பெண்சாதி கோபிகாவுக்கு இது தலைப்பிள்ளை. அவளுடைய தாய் தகப்பன் கனடாவில் என்பதால் பேறு பார்ப்பது என் தலையில். கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாள் சித்திரை நடுவில் விழுகிறது. ஸ்கான் எடுத்த இடத்தில் ஆண் என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பிள்ளை ஆணாகச் சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது. என் பெரியண்ணை வீட்டில் அது நடந்ததை நீயும் கண்டவள்தான். பிள்ளைக்கு ஒரு வயது முடியுமுன் அண்ணையைப் பாடையில் ஏற்றினோம்.

பங்குனிக்குள் வெட்டி எடுக்கச் சொல்லி டொக்டரிடம் கேட்டேன். என்னிடம் படித்திருந்தால் பிரம்பால் வாங்கியிருக்கக்கூடிய ஒரு பெடியன், பிள்ளை வளர வேண்டும், காரணம் இல்லாமல் நாளுக்கு முன் கத்தி வைக்க முடியாது என்று எனக்குப் பாடம் எடுக்கிறான்.

நீ கொக்குவிலில் பெண்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்துவது ஊருக்கே தெரியும். நாள் கடந்தும் வலி வராத செல்வரட்ணத்தின் மகளுக்கு நீ ஊசி போட, மற்ற நாள் விடியப் பிள்ளை பிறந்ததாம். நாளுக்குப் பின் முடியுமென்றால் நாளுக்கு முன்னும் முடியும். சித்திரை பிறக்குமுன் கோபிகாவுக்கு அதைச் செய். முன் கேற்றாலேயே வரலாம். ஜெரிசனைக் கூட்டிக்கொண்டு வராதே.

மகாதேவி


கொக்குவில்
08.03.2025

அம்மா,

கடித உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஊசி குத்த ஆள் தேவையாம். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கார்த்திகையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். நீங்கள் வந்தீர்கள். மகளோ என்று தாதி கேட்க, "எங்களுக்கு மகள் இல்லை" என்றீர்கள். அதைத் தாதியிடம்தான் சொன்னீர்கள், என்னோடு கதைக்கவில்லை. சத்தியம் பத்திரமாக இருந்தது. நான் வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். அன்றிலிருந்து அவரைக் காணவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மாட்டேன்.

சத்தி எடுத்தால் ஊசி வைப்பேன், இடுப்பு நோவுக்கு வைப்பேன், பிள்ளைத்தாய்ச்சிக்கு நித்திரை வராவிட்டால் வைப்பேன். கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் இடம், கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில் ஓர் இடம், கால் சின்னிவிரல் நகத்தடியில் ஓர் இடம். நாள் வருமுன் இவற்றைத் தொடக்கூடாது என்றுதான் எங்களுக்கு முதலில் படிப்பித்தார்கள். தொட்டால் கட்டாயம் வலி வரும் என்றும் இல்லை. வருமா வராதா என்று கோபிகாவின் வயிற்றில் நான் பரிசோதித்துப் பார்க்கப் போவதில்லை. செல்வரட்ணம் ஐயாவின் மகளுக்கு நாள் கடந்திருந்தது. அவளுடைய டொக்டரைக் கேட்ட பிறகே செய்தேன். அது என் ஊசியால் வந்த வலியா, தானாக வந்த வலியா என்று எனக்கே தெரியாது.

குழிக்குள் வைத்துப் புகை போட்டுப் பழுக்க வைக்க அது வாழைக்குலை இல்லை அம்மா.

அப்பா சாப்பிடுகிறாரா? ஆட்களை அடையாளம் தெரிகிறதா? இரண்டு வரி எழுதுங்கள்.

உதயகலா


சிவமயம்

நீர்வேலி
14.03.2025

உதயகலாவுக்கு,

உன்னிடம் நான் வகுப்புக் கேட்கவில்லை. பிள்ளை எப்போது பழுக்கும் என்று எனக்குச் சொல்லித் தர நீ பெற்றவளா? ஒன்று தங்கி மூன்றாம் மாதத்தில் போனது என்று கேள்விப்பட்டேன். ஊராரின் வயிற்றுக்கெல்லாம் ஊசி வைத்திருக்கிறவளுக்குத் தன் வயிற்றுக்கு ஓர் ஊசி கிடைக்கவில்லை. பாவம்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். எழுதுகிறேன். நாற்பது வருடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு பீடி குடிக்காத மனிதன், வெள்ளிக்கிழமை தோறும் திருநெல்வேலிச் சந்தைக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வரும்போது கத்தரிக்காயும் வந்தது. நானும் நம்பினேன். அவர் விழுந்தது சந்தையில் இல்லை, உன் வீட்டு ஒழுங்கையில். முழங்கால் நோவுக்கு உன்னிடம் ஊசி குத்தி, உன் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, வருடக்கணக்காக என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். உன் ஊசிதான் அவரை விழுத்தியது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் உன் ஊசிக்கு வலு இருக்கிறது என்றும் நம்புகிறேன்.

இப்போது எங்கும் போக மாட்டார். பேச வாய் வராது. ஆனால் ஆள் தெரியும், எல்லாம் விளங்கும். யன்னலால் கேற்றைப் பார்த்தபடியே கிடந்தார். நான் கட்டிலை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

நீ ஊசி குத்த வந்தால் அவரைப் பார்க்க விடுகிறேன். வராவிட்டாலும் குறை இல்லை. பக்கத்து ஊரில் ஒரு மனிசி கசாயம் அவித்துத் தருகிறாள். ஆமணக்கெண்ணெயும் ஏதோ வேரும் சேர்க்கிறாள். மூன்று நாளில் இறங்குமாம். கோபிகா மாமி கொடுத்ததை என்ன ஏதென்று கேட்காமல் குடிக்கும் பிள்ளை.

மகாதேவி


கொக்குவில்
18.03.2025

அம்மா,

வருகிறேன். அந்தக் கசாயத்தை அவளுக்குக் காட்டவும் வேண்டாம். அவள் வாயில் அது ஒரு சொட்டுப் பட்டதென்று அறிந்தால் நேரே சிவரூபனின் வங்கிக்குப் போய், எல்லோரும் கேட்கச் சொல்வேன்.

முதலில் அப்பா, பிறகு ஊசி. எங்கே குத்துகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. கிளினிக்குக்குப் போகிற நாளில் அவள் கட்டாயம் போக வேண்டும்.

என் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை ஜெரிசனுக்குக் காட்டவில்லை. அவர் இன்னும் உங்களை 'மாமி' என்றுதான் சொல்கிறார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

உதயகலா


கொக்குவில்
27.03.2025

அம்மா,

நேற்று உங்கள் வீட்டிலிருந்து வந்தும் இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

நான் விறாந்தையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறேன். நீங்கள் கோபிகாவைப் பார்த்து, "தேத்தண்ணி குடிக்கிறாவோ எண்டு உவவைக் கேள்" என்றீர்கள். அந்தப் பிள்ளை பெரிய வயிற்றோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, யாருடைய முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

பிறகு அறைக் கதவைத் திறந்துவிட்டீர்கள். அப்பா நித்திரை. பட்டப்பகலில், வாய் பிளந்தபடி, தோளைத் தட்டிக் கூப்பிட்டும் எழும்பாத நித்திரை. தினம் நோயாளிகளோடு கிடக்கிற எனக்குக் நித்திரைக் குளிசை கொடுத்து வந்த நித்திரை எது, தானாக வந்த நித்திரை எது என்று தெரியாதா? காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நகம் வெட்டவில்லை. குதிக்காலில் படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறது. காதுக்குள் "அப்பா, கலா வந்திருக்கிறன்" என்று சொன்னேன். கண் இமை அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் நீங்கள் கதவடியில் வந்து நின்று சுவருக்குச் சொன்னீர்கள், பார்த்தது காணும், இனிப் போகலாமென்று.

இப்படியும் ஒரு மனுசி இருப்பாளா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

கோபிகா என்னிடம் ஊசி நோகுமா என்று கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் நடக்காதுதானே என்று மட்டும் கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கும் எனக்கும் மட்டும். அவளுடைய கால் வீக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கிளினிக்கில் பிரசர் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போக விடுங்கள்.

அடுத்த முறை வரும்போது அப்பா முழித்திருக்க வேண்டும்.

உதயகலா


சிவமயம்

நீர்வேலி
31.03.2025

உதயகலாவுக்கு,

பார்க்க விடுகிறேன் என்று எழுதினேன். பார்த்தாய். முழித்திருப்பார் என்று எழுதினேனா? என் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசி. அவர் உன்னைக் கண்டு அழுது, பிரசர் ஏறி, இன்னொரு முறை விழுந்தால் பீயும் மூத்திரமும் அள்ளுவது நானா, நீயா?

கால் வீக்கத்துக்கு ஒப்பாரி வைக்காதே. ஆண் பிள்ளை என்றால் காலும் முகமும் வீங்கத்தான் செய்யும். இரண்டு பெற்றவள் சொல்கிறேன். கிளினிக்குக்குப் போனால் வாட்டில் மறித்துவிடுவார்கள், பிறகு நீ எப்படி ஊசி போடுவாய்? அதனால் இந்த முறை அனுப்பவில்லை. சிவரூபனுக்கும் சொல்லவில்லை, அவன் வவுனியாவில் வேலையாக நிற்கிறான்.

இன்று பங்குனித் திங்கள் விரதம். பொய் எழுத மாட்டேன். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். பங்குனிக்குள் பிள்ளை பிறந்தால், முழித்திருக்கும் அப்பாவை, காலையிலிருந்து பொழுதுபடும் வரை உன்னிடம் விடுகிறேன். நீ கதைக்கலாம், சோறு தீத்தலாம், நகம் வெட்டலாம். பிறக்காவிட்டால் அவருடைய செத்தவீட்டுக்கும் நீ இந்தக் கேற்றுக்குள் கால் வைக்கக்கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

மகாதேவி


நீர்வேலி, உங்கள் சாப்பாட்டு மேசை
10.04.2025

அம்மா,

நான் வாயால் சொன்னதற்கு நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மரக்கறி வெட்டுகிறீர்கள். எழுத்துத்தான் உங்களுக்குக் கேட்கும் என்றால் எழுதுகிறேன்.

கோபிகாவின் முகம் ஊதிப்போய் இருக்கிறது. மோதிரம் கழற்ற முடியவில்லை. நேற்றிலிருந்து தலையிடி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்கிறாள். பிரசர் பார்த்தேன், மிக அதிகம். இன்று நான் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டோ கேற்றடியில் நிற்கிறது. மாமி சொல்லாமல் வரமாட்டேன் என்று அந்தப் பைத்தியம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அவளுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

உதயகலா


(அதே தாளின் பின்பக்கத்தில்)

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தலையிடி, உன் ஊசி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து கொடுத்து மறித்து, சித்திரைக்கு இழுத்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்து மிச்சத்தையும் குத்து.

மகாதேவி


அம்மா,

என் ஊசி ஒன்றும் செய்யவில்லை. இந்த வீட்டுக்கு வந்த எந்த நாளிலும் நீங்கள் கேட்டபடி வலி வரவைக்கும் இடத்தில் நான் குத்தவில்லை. இடுப்பு நோவுக்கும் நித்திரைக்கும்தான் வைத்தேன். முதல் நாளே கோபிகாவுக்கு அதைச் சொல்லிவிட்டேன், அவளைக் கேளுங்கள். நீங்கள் கசாயத்தைக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காகவும், அப்பாவைப் பார்க்கலாம் என்பதற்காகவும் உங்களை ஏமாற்றினேன்.

ஆகவே இந்தத் தலையிடி ஊசியால் வந்தது இல்லை. இது பிரசர். வலிப்பு வரும். வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். சித்திரையில் பிறந்த பிள்ளை தகப்பனைத் தின்னும் என்று பயப்படுகிறீர்கள், பங்குனியில் இரண்டு பாடை தூக்கப் போகிறான் உங்கள் மகன்.

அப்பாவை நீங்கள் எனக்குக் காட்ட வேண்டாம். அதைக் கேட்கும் உரிமையை விட்டுவிட்டேன் என்று என் கையாலேயே எழுதித் தருகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். இவளை விடுங்கள்.

உதயகலா


கொக்குவில்
24.04.2025

அம்மா,

அன்று அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மரக்கறிக் கத்தியை வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போட்டு வா பிள்ளை" என்று கோபிகாவிடம் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். ஓட்டோவில் என் தோளில் சாய்ந்து இரண்டு தரம் சத்தி எடுத்தாள். இன்னும் ஓர் இரவு வீட்டில் வைத்திருந்தால் என்று வாட்டில் ஒருவர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்கவில்லை.

மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வருடப் பிறப்பன்று விடியப்புறம் பிரசர் திரும்ப ஏற, வெட்டி எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைதான், ஆனால் என்ன அழுகை. இருவரும் சுகம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எனக்குத் தெரியாதென்று நீங்கள் நினைப்பதையும் எழுதுகிறேன். சிவரூபன் இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்குப் போன் எடுத்து அழுதான், அக்கா என்றான். பிறகு பஞ்சாங்கக் கதை சொன்னான். வாக்கிய பஞ்சாங்கப்படி பிள்ளை அழுதபோது சித்திரை பிறந்துவிட்டது. திருக்கணித பஞ்சாங்கப்படி இன்னும் கொஞ்ச நேரம் பங்குனி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வந்து விழுந்திருக்கிறான் மருமகன். திருக்கணிதம் என்றாலே கள்ளக் கணக்கு என்று சொல்லி, அதை வீட்டுக்குள் எடுக்கவிடாத நீங்கள், தில்லைநாதன் சாத்திரியாரிடம் போய்த் திருக்கணிதப்படி சாதகம் எழுதுவித்து, பிள்ளை பங்குனிதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நல்லதுதான் என்று தோன்றியது.

இப்போது நான் உங்களைப் போல வாசிக்கிறேன். "பங்குனிக்குள் பிள்ளை பிறந்தால்" என்று எழுதினீர்கள். ஊசியால் பிறந்தால் என்று எழுதவில்லை. உங்கள் வாயாலேயே பிள்ளை பங்குனியில் பிறந்துவிட்டது. நான் உரிமையை விட்டுத் தந்ததும் உண்மைதான், அதனால் உரிமையாகக் கேட்கவில்லை. ஒரு பகல் வேண்டாம். கொஞ்ச நேரம் காணும். கட்டிலை அந்தப் பக்கமே வைத்திருங்கள், நான் சுற்றி வந்து முன்னால் நிற்கிறேன்.

அம்மா, கெஞ்சுகிறேன்.

கலா


சிவமயம்

நீர்வேலி
30.04.2025

உதயகலாவுக்கு,

எழுத்தை எழுத்தாக வாசிக்கப் பழகிவிட்டாய். என் வயிற்றில் பிறந்தவள்தான், மறுக்கவில்லை. நீ எழுதித் தந்த விடுதலைப் பத்திரத்தையும் நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. பயத்தில் எழுதியதை வைத்து வழக்குப் பேசுவது எனக்கு மரியாதை இல்லை. கோபிகாவை நீதான் காப்பாற்றினாய் என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும்.

ஆனால் கணக்கைச் சரியாக விளங்கிக்கொள். பேரனின் சாதகம் திருக்கணிதம். அது என் மகனின் உயிர்ப் பிரச்சினை, அதற்கு எந்தப் பஞ்சாங்கம் இடம் கொடுக்கிறதோ அதைப் பிடிப்பேன், யாரும் சிரித்துவிட்டுப் போகட்டும். உனக்கும் எனக்கும் இருந்த பேச்சு வேறு. அதை நான் எழுதிய நாளில் இந்த வீட்டுச் சுவரில் தொங்கியது வாக்கியம், இன்றும் தொங்குவது வாக்கியம். அதன்படி பிள்ளை சித்திரையில் பிறந்தது. நான் சொன்ன காலத்துக்குள் வரவில்லை. பேரனுக்குத் திருக்கணிதம், உனக்கு வாக்கியம்.

இது நியாயமா என்று கோபிகா கேட்டாள். அவளுக்கு இப்போது வாய் வந்திருக்கிறது. மச்சாள் உன்னைப் பிள்ளையின் துடக்குக் கழிவுக்குக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். பிள்ளையை என் மடியில் இருந்து இறக்காமல், கூப்பிடுகிறவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவளோடேயே போகலாம் என்றேன்.

இனி, உனக்கு எழுதாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம். எழுதிவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம் பிள்ளை வீறிட்டு அழ, அப்பா வாய் திறந்தார். விழுந்த நாளிலிருந்து முதற்சொல். "கலா" என்றார். உனக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்தார் போல. கையைத் தூக்கப் பார்த்தபடி, திரும்பத் திரும்பக் கலா, கலா என்றார். நான் பக்கத்தில் போய் இருந்து சொன்னேன்:

"வரச்சொல்லி எழுதினனான். வரமாட்டன் எண்டு பதில் போட்டிருக்கிறாள்."

பொழுதுபட்ட பிறகு சோறு தீத்தப் போனேன், வாய் திறக்கவில்லை. இன்று காலையும் திறக்கவில்லை, தண்ணீருக்கும் திறக்கவில்லை. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்வேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

மகாதேவி